வாசலிலிருந்து வாசலுக்கு

பெஹாலாவில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. பர்ணஸ்ரீ பக்கம் போனால் அதன் மதில் தெரியும். பயிற்சி விமானங்கள் அங்கிருந்து எழும்பும், அவ்வப்போது ஹெலிகாப்டரும் வந்து இறங்கும். சின்ன வயதில் மொட்டைமாடியில் வடாம் காயப்போட்டுவிட்டுக் காக்கை விரட்ட உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் குட்டி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆனால் பெஹாலாக்காரர்கள் வெளியூருக்குப் பறக்க வேண்டுமென்றால் டம்டமுக்குத்தான் போயாக வேண்டும். நாங்கள் இருப்பது நகரத்தின் தென்மேற்கு ஓரம். டம்டம் வடகிழக்கு ஓரம். முழுக் கொல்கத்தாவையும் குறுக்கே கடந்தால்தான் எங்களுக்கு விமானம்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரத்தில் இந்தப் பகுதி வராது. கதவைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்ததிலிருந்து, மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எண்ணினால்தான் பயணம் எவ்வளவு நீளம் என்று தெரியும். அப்படி எண்ணிப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. என் சிறுவயதில் பெஹாலாவிலிருந்து மெட்ராஸ் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனதோ, ஏறக்குறைய அதே நேரத்தில் இன்று கலிபோர்னியா போய்ச் சேர்கிறேன். தூரம் பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் ஒரு மனித உடம்பு வழியில் படும் நேரம் குறையவே இல்லை.

அப்பாவுக்குத் தாராதலாவில் ஃபாக்டரி வேலை. கும்பகோணத்திலிருந்து வந்து பெஹாலாவில் வாடகை வீடு பிடித்தார். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவது எங்களுக்கு வருஷத்தின் பெரிய காரியம். ஹௌராவில் மெட்ராஸ் மெயிலில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும். சென்ட்ரலில் இறங்கிக் குதிரை வண்டியிலோ டாக்ஸியிலோ எழும்பூர். அங்கிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் இன்னோர் இரவு. விழுப்புரமும் மாயவரமும் தாண்டி விடிகாலையில் கும்பகோணம். 1977இல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வந்தபோது மெட்ராஸ் ஓர் இரவு நெருங்கி வந்தது. அப்பா அதைப் பண்டிகைச் செய்தியைப் போல் வீட்டில் சொன்னார்.

அந்தப் பயணம் சுலபமாக இருந்ததென்று நான் சொல்லமாட்டேன். கரித்தூள் கண்ணில் விழும். கூஜாவில் தண்ணீர் தீர்ந்தால் அடுத்த ஸ்டேஷன் வரை தவிப்பு. ஆனால் அதில் படுத்துத் தூங்க முடிந்தது. சில்கா ஏரி ஜன்னலோரம் வெகுநேரம் கூடவே வரும். வால்டேரில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். அதுவரை முன்னால் பார்த்து வந்தவர்கள் பின்னால் பார்த்துப் போவார்கள். கோதாவரிப் பாலம் வந்ததும் பெரியவர்கள் காசு எடுத்துக் கொடுத்து ஆற்றில் போடச் சொல்வார்கள். பேச்சு வங்காளியிலிருந்து ஒரியாவுக்கும், அதிலிருந்து தெலுங்குக்கும், கடைசியில் தமிழுக்கும் மாறும். ஊர் போய்ச் சேருவதற்குள் மனசும் உடம்பும் போய்ச் சேர்ந்திருக்கும். தாத்தா வாசலில் நிற்கும்போது நாங்கள் முழுதாக அங்கே இருந்தோம்.

முதல் விமானப் பயணம் துக்கத்தில் வந்தது. தாத்தா போய்விட்டார் என்று தந்தி வந்ததும் அப்பா கடன் வாங்கி டிக்கெட் எடுத்தார். டம்டமிலிருந்து மெட்ராஸ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எங்கள் பாராவின், அதாவது அக்கம்பக்கத்தின், கிளப் பையன்கள் இரண்டு பேர் எங்கிருந்தோ மஞ்சள் அம்பாஸடர் டாக்ஸியைப் பிடித்து வந்து, பெட்டியை ஏற்றி, டம்டம் வரை கூடவே வந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பாராவில் ஒரு வீட்டில் சாவு என்றால் அதுதான் அவர்கள் வழக்கம். அப்பா அவர்களுக்குக் கடைசிவரை நன்றியோடு இருந்தார். நானும் இருக்கிறேன்.

அந்த டம்டமுக்கு ஒரு காலத்தில் உலக வரைபடத்தில் பெரிய இடம் இருந்தது. 1924இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, முதன்முதலாகப் பறந்த டச்சு விமானம் கல்கத்தாவில் இறங்கித்தான் போனது. 1933இல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன் தடத்தைக் கராச்சியிலிருந்து கல்கத்தா வரை நீட்டியது. 1947இல் பான் அமெரிக்கன் உலகைச் சுற்றும் சேவையைத் தொடங்கியபோது, லண்டன், இஸ்தான்புல், கராச்சி என்று வந்த விமானம் கல்கத்தாவில் இறங்கி, பாங்காக் வழியாகக் கிழக்கே போனது. அன்றைய விமானங்களால் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் பறக்க முடியாது. எரிபொருளுக்கு இறங்கியாக வேண்டும். ஐரோப்பாவுக்கும் தூரக் கிழக்குக்கும் நடுவே டம்டம் வசதியான இடம்.

விமானத்தின் டாங்க் பெரிதாகப் பெரிதாக எங்கள் ஊருக்கு மேலே பறந்துபோகத் தொடங்கினார்கள். தொழில்களும் பணப்புழக்கமும் இந்த நகரத்திலிருந்து நகர்ந்ததும் அதோடு சேர்ந்துகொண்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009இல் கொல்கத்தா–லண்டன் சேவையை நிறுத்தியது. லுஃப்தான்ஸா 2012இல் பிராங்ஃபர்ட் சேவையை நிறுத்தியது. அமெரிக்காவுக்கு இங்கிருந்து நேர் விமானம் இல்லை. 2013இல் பளபளப்பான புதிய முனையம் திறந்தபோது நாங்கள் போய்ப் பார்த்துப் பெருமைப்பட்டோம். ஆனால் என் மகளைப் பார்க்க வளைகுடாவிலோ டெல்லியிலோ மாறித்தான் போக வேண்டும். 2025இல் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மும்பை போகும் ஏர் இந்தியா விமானம் வழியில் கொல்கத்தாவில் இறங்கிச் சென்றது. இடைத்தங்கல் என்ற பழைய வேலை டம்டமுக்கு மறுபடி வந்ததைச் செய்தியில் படித்தேன்.

இப்போது என் பயணத்தைப் பெஹாலா சௌரஸ்தாவிலிருந்து எண்ணுகிறேன். டயமண்ட் ஹார்பர் ரோடு, மாஜேர்ஹாட் பாலம், பார்க் சர்க்கஸ், மா மேம்பாலம், பைபாஸ், விஐபி ரோடு. பகலில் இரண்டு மணி நேரம் ஒதுக்காமல் புறப்படக்கூடாது. 2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்து உயிர்கள் போயின. புதுப் பாலம் 2020 டிசம்பர் 3 அன்று திறக்கும்வரை, பெஹாலாவுக்கும் மற்ற கொல்கத்தாவுக்கும் நடுவே ஒவ்வொரு பயணமும் சுற்றுவழிதான். விமானத்தைப் பிடிக்கப் போனவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளிகளும் பரீட்சைக்குப் போன பிள்ளைகளும் அந்த நெரிசலில் நின்றார்கள். ஒரு பாலத்தைச் சரியாகப் பராமரிப்பது எத்தனை லட்சம் பேருடைய நேரத்தைக் காப்பாற்றும் என்பதை பெஹாலா நன்றாகவே கற்றுக்கொண்டது.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். வளைகுடா வரை ஐந்து மணி நேரம். அங்கே நான்கு மணி நேரக் காத்திருப்பு. பிறகு சான் பிரான்சிஸ்கோ வரை ஏறக்குறைய பதினாறு மணி நேரம், ஒரே இருக்கையில். குடிநுழைவு வரிசை, பெட்டி, மகளின் காரில் ஒரு மணி நேரம். எல்லாம் சேர்த்தால் 32 மணி நேரத்துக்குக் குறையாது. மெட்ராஸ் மெயிலின் இரண்டு இரவும் ஒரு பகலும் இதுதான்.

ஆனால் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது ஊட்டியில் பதினாறு மணி நேரம் கால் நீட்டாமல் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தொண்டையும் கண்ணும் காய்ந்துபோகும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ஆழ்சிரைகளில் ரத்தம் உறையும் அபாயம் இரட்டிப்பாகிறது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான், பயப்படத் தேவையில்லை. ஆனால் வயதும் உடல் எடையும் முந்தைய அறுவை சிகிச்சையும் அந்தக் கணக்கைக் கூட்டும். என் கணவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனபின் டாக்டர் அழுத்தக் காலுறை எழுதிக் கொடுத்தார். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கினாலும் எழுப்பிவிட்டு நடக்கச் சொன்னார். நாங்கள் கூச்சப்படாமல் எழுப்புகிறோம்.

கலிபோர்னியாவுக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும். அதனால் போய்ச் சேர்ந்தபின்னும் பத்துப் பன்னிரண்டு நாள் நாங்கள் பாதிதான் அங்கே இருக்கிறோம். பேத்தி பள்ளிக்கூடக் கதை சொல்லும்போது கண் சொருகுகிறது. இரவு இரண்டு மணிக்கு முழு விழிப்பு. மெட்ராஸ் மெயில் ஊர்களைக் காட்டிக் காட்டி உடம்பைக் கூட்டிப் போனது. விமானம் உடம்பை முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. தூக்கமும் பசியும் பின்னால் வந்து சேர்கின்றன.

வழித்துணை என்ற ஒன்றும் மாறிவிட்டது. வளைகுடா விமான நிலையங்களில் வரிசையாக நிற்கும் சக்கர நாற்காலிகளையும், அவற்றில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பாட்டிகளையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நடக்கத் தெரிந்தவர்கள் ஏன் நாற்காலி கேட்கிறார்கள் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. நான் அந்தப் பாட்டிகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். தெலுங்கு பேசுகிற அம்மா, குஜராத்தி அம்மா, நம் திருநெல்வேலி ஆச்சி. வீட்டுக்குள் அவர்களால் நடக்க முடியும். ரயில் ஏறிப் போகும் இன்னொரு முனையத்தில், தெரியாத மொழி அறிவிப்புக்கு நடுவே, கேட் மாறிவிட்டது என்று திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு ஓட முடியாது. அவர்கள் கேட்பது ஒரு துணை. பல விமான நிறுவனங்களின் படிவத்தில் துணைக்குத் தனிக் கட்டம் இல்லாததால் நாற்காலியைக் கேட்கிறார்கள். ஒருமுறை எங்களைத் தள்ளிக்கொண்டு போன மலையாளி இளைஞர், "அம்மே, பயப்படாதீங்க, கேட் வரைக்கும் நான் இருப்பேன்" என்று தமிழில் சொன்னார். பாரா பையன்கள் டம்டம் வரை வந்ததுபோல்தான் எனக்கு இருந்தது.

அதனால் சொல்கிறேன், வழியில் உள்ள ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் நகரம் தொடங்கியிருக்கிறது. ஜோகா–தாராதலா மெட்ரோ 2022 டிசம்பர் 30 அன்று வந்தது, 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை நீண்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று நோவாபாராவிலிருந்து விமான நிலையத்துக்கே மெட்ரோ போய்ச் சேர்ந்தது. மாஜேர்ஹாட்டிலிருந்து எஸ்பிளனேட் வரை பணி நடக்கிறது. அது முடிந்தால் பெஹாலாவிலிருந்து டம்டமுக்கு ரயில் மாறி ரயிலிலேயே போய்விடலாம். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுகின்றன; மெட்ரோ அதற்கு முன்பே தூங்கிவிடுகிறது. இரண்டு 23 கிலோ பெட்டியோடு மாறும் ஒரு மூதாட்டியை மனதில் வைத்து லிஃப்டும் இரவு ரயிலும் திட்டமிட வேண்டும்.

விமான நிறுவனங்கள் டிக்கெட் படிவத்தில் 'வழிகாட்டத் துணை வேண்டும்' என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். நாற்காலி உண்மையிலேயே தேவைப்படுபவர்களுக்கு அது தாராளமாகக் கிடைக்கும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்ல இருக்கிறது. விலை குறைந்த டிக்கெட்டில் ஒன்றரை மணி நேர இடைவெளி இருந்தால் அதை அப்பா அம்மாவுக்கு எடுக்காதீர்கள். நான்கு மணி நேரம் விடுங்கள்; முடிந்தால் நடுவே ஓர் இரவு தங்க வையுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும். உங்கள் விலாசமும் போன் நம்பரும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் இருக்கட்டும். வந்த முதல் வாரம் விருந்து, ஊர் சுற்றல் எதுவும் வேண்டாம். காலை வெயிலில் நடக்க விடுங்கள், உடம்பின் கடிகாரத்தை அதுதான் சீக்கிரம் திருப்பும்.

இந்த 32 மணி நேரம் இன்னும் பல வருஷங்களுக்குக் குறையப்போவதில்லை. பெஹாலாவிலும் மாம்பலத்திலும் திருச்சியிலும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோர் அதைக் கடந்துகொண்டேதான் இருப்பார்கள். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க எழுபது வயதில் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு வழிநெடுகிலும் ஒரு மனிதத் துணை கிடைக்கச் செய்வது சலுகையாகாது. அவர்கள் கொடுக்கும் டிக்கெட் காசிலேயே அடங்கியிருக்க வேண்டிய சேவை அது. அதைக் கேட்டுப் பெற நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.