செங்கோல் பிடிக்கப் போற தம்பிக்கு

வா தம்பி, இரு. றோட்டு வேலை நடக்கிற இடத்தில கார் மறிக்கிற உத்தியோகம் கிடைச்சிட்டுதாம், கொம்மா சொன்னவ. வீட்டில ஒருத்தரும் உன்ர சொல்லுக் கேக்கிறேல்லை எண்டு கவலைப்பட்டனி. இனி பென்ஸ்காரனும் கேப்பான். நீ கைப்பலகையின்ர 'ஸ்டொப்' பக்கத்தைக் காட்டினால் அவன் நிண்டே ஆகவேணும். ஒன்ராறியோ நெடுஞ்சாலைச் சட்டத்திலயே கிடக்கு.

செங்கோலும் சும்மா செங்கோல் இல்லை. தடி 1.2 மீற்றர். தலையில 450 மில்லிமீற்றர் அகலத்தில எட்டு மூலைப் பலகை, ஒரு பக்கம் சிவப்பு, மற்றப் பக்கம் 'ஸ்லோ'. இதெல்லாம் 213/91 எண்ட ஒழுங்குவிதியில எழுதியிருக்கு. அதுக்குள்ள எனக்கு நல்லாப் பிடிச்ச வசனம் ஒண்டு: வாகனம் மறிக்கிறவன் அந்த நேரத்தில வேற ஒரு வேலையும் செய்யக் கூடாது. வேலை செய்யாதை எண்டு சட்டமே சொல்லுற வேலை! உன்ர சாதகத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஆனா மோனை, போன் நோண்டுறதும் வேற வேலைதான். போர்மன் மண்வெட்டியை நீட்டினாலும் வாங்காதை.

இங்கிலீஷுக்குப் பயப்பிடாதை. உனக்கு விளங்குற பாசையில, வாயாலயும் எழுத்தாலயும் சொல்லித்தரவேணும் எண்டது விதி. தமிழில கேள். தருவினமோ எண்டது வேற கதை. கார்க்காரர் கண்ணாடியை இறக்கித் தாற அர்ச்சனை மட்டும், ஸ்காபுறோ எண்டால், கேக்காமலே நல்ல தமிழில வரும்.

நடக்கிறவன்ர குளிர் வேற, நிக்கிறவன்ர குளிர் வேற. ஏப்ரல் காத்தே எலும்புக்குள்ள போகும். டிம் ஹோர்ட்டன்ஸ் எந்த மூலையில எண்டு காலமையே பாத்து வை. கோப்பிக்கு இல்லை, மற்றதுக்கு. அதுக்கும் ஆராவது வந்து பலகையை வாங்கினால்தான் அசையலாம்.

வேலை முடிஞ்சுபோமோ எண்டு யோசிக்கிறியோ? எக்ளின்டன் றெயில் பாதையை 2011 இல கிண்டத் தொடங்கினவை, 2020 இல ஓடும் எண்டவை. 2020 வந்து போன பிறகும் கனகாலம் றெயிலைக் காணேல்லை. உனக்கென்ன பஞ்சம்? பனிக்காலத்தில வேலை குறையும், அதுக்கு மட்டும் ரெண்டு காசு ஒதுக்கி வை.

இனிப் பகிடியை விடு. பலகை தகரம், வாறது இரும்பு. பின்னுக்குப் பாய இடமிருக்கோ எண்டு பாத்திட்டுப் பலகையைத் தூக்கு. வாற காருக்கு முதுகு காட்டாதை. ஒரே திசையில ஒரு லேனுக்கு மேல மறிக்கச் சொன்னால் மாட்டன் எண்டு சொல். 90க்கு மேல வேகம் போட்ட றோட்டில நிக்கச் சொன்னாலும் அதுதான். போக்குவரத்துப் பாதுகாப்புத் திட்டம் எழுத்தில இருக்கவேணும். தொழிலாளி கேட்டால் காட்டவேணும். முதல் நாளே கேள். மூஞ்சையை நீட்டுவினம். நீட்டட்டும். ஆபத்தான வேலையை மறுக்கிற உரிமை உனக்கு இருக்கு, தொழில் பாதுகாப்புச் சட்டம் 43ஆம் பிரிவு. பாடமாக்கிக்கொண்டு போ.