எந்தக் கிளையை எடுப்பதாக உத்தேசம்?

கே: ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைத் திசு வளர்ப்பில் நகலெடுத்து என் வீட்டு வாசலில் வைக்க முடியுமா?
– ஒரு பக்தை, பெரிய காஞ்சிபுரம்

ப: நான்கு கிளைக்கு நான்கு ருசி என்பது ஐதீகம். தாங்கள் எந்தக் கிளையை எடுப்பதாக உத்தேசம்? மாமரத்துக்கு நகல்தான் வேண்டுமென்றால் ஒட்டுக்கட்டத் தெரிந்தவர் போதும். முதிர்ந்த மரத்தின் துண்டைக் குடுவையில் போட்டால் பெரும்பாலும் வெட்டுவாய் கறுத்துச் செத்துப்போகும். 1982இல் புளோரிடாவில் ரிச்சர்ட் லிட்ஸ் குழுவினர் கிளைப் பக்கமே போகவில்லை. மாம்பிஞ்சுக்குள், விதைக்கருவைச் சுற்றியிருக்கும் திசுவிலிருந்து புதுக் கருக்களை வரவழைத்தார்கள். அந்தத் திசு தாய்மரத்துடையது. ஆகவே பிள்ளைகளும் தாயின் அச்சு.

கே: கொடைக்கானல் பைன் மரத்துக்கும் இதே வழியா?
– சுற்றுலா போய் வந்தவர், செவிலிமேடு

ப: ஊசியிலை மரங்களில் வழக்கமாக விதைக்குள்ளிருக்கும் முதிராத கருவையே எடுக்கிறார்கள். அதனால் கிடைப்பது தாயின் நகல் அல்ல, பிறக்காத பிள்ளையின் நகல். பிள்ளை தேறுமா என்பது வளர்ந்தால்தானே தெரியும்? அதுவரை செல்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் காத்திருக்கிறார்கள். நம் ஜாதகக்காரர்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

கே: ஹார்மோன் அதிகம் ஊற்றினால் கரு சீக்கிரம் வளருமா?
– நெசவாளர், பிள்ளையார்பாளையம்

ப: கோர்வைத் தறியில் உடலுக்கு ஒருவர், கரைக்குத் துணையாள் ஒருவர், ஒருவர் கை முந்தினாலும் புடவை கெடும். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு ஹார்மோன்களும் அப்படித்தான். புகையிலைத் திசுவில் ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர் என்று 1957இல் ஸ்கூக், மில்லர் இருவரும் காட்டினார்கள்.

ஊசியிலை மரத்தில் கதை இன்னும் சுவாரசியம். 1985இல் நார்வே ஸ்புரூஸ் மரத்தில் முதிராத கருவிலிருந்து புதுக் கருக்களை வரவழைப்பது கைகூடியது. வயலில் களைக்கொல்லியாகத் தெளிக்கும் 2,4-டி-தான் அங்கே ஆக்சின், துணைக்குச் சைட்டோகைனின். குடுவையில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு திரள் பெருகும். நுண்ணோக்கியில் பார்த்தால் அதிலுள்ள கருக்களுக்குச் சின்னத் தலை, நீண்ட வால். ஆனால் இவை பிரிந்து பிரிந்து பெருகுமே தவிர முதிராது. முதிரவேண்டுமானால் அந்த இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்த வேண்டும். பிறகு அப்சிசிக் அமிலம். வறட்சியில் இலைத்துளைகளை மூடச் சொல்லும் அதே ஹார்மோன், இங்கே கருவிடம் ‘பிரிந்தது போதும், சேமி’ என்கிறது. சில வாரங்களில் கரு எண்ணெயும் புரதமும் சேர்த்து, வித்திலைகளை வளையமாகக் கட்டி நிற்கும். அதையும் நிறுத்தினால்தான் முளைக்கும். ஊற்றுவதல்ல, நேரம் பார்த்து நிறுத்துவதே இதில் வித்தை.

கே: இந்த ஆராய்ச்சியில் நம்மவர் பங்கு உண்டா?
– கல்லூரி மாணவி, பெரிய காஞ்சிபுரம்

ப: உண்டு. 1964இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா, எஸ்.சி. மகேஷ்வரி இருவரும் ஊமத்தை மகரந்தப்பையிலிருந்தே கருக்களை வளர்த்தார்கள். 1941லேயே அமெரிக்காவில் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் பிஞ்சுக் கருக்களைத் தேங்காய்த் தண்ணீர் விட்டு வளர்த்திருந்தார்கள். ஊமத்தையும் தேங்காயும்! சிவகாஞ்சிக்காரர்கள் பெருமைப்பட இது போதாதா?

கே: அப்படியானால் வீட்டிலேயே இளநீரில் பைன் வளர்க்கலாமா?
– அவரே

ப: இளநீரும் சர்க்கரையும் கலந்து மூடி வையுங்கள். பூஞ்சணம் அமோகமாக வளரும். அதற்கு ஹார்மோன்கூட வேண்டாம்.