கேளுங்கள், மோதிப் பார்ப்போம்!

கேள்வி: செர்ன் என்கிற துகள் ஆய்வு மையத்தில் ஆராய்ச்சி செய்கிற வரன் வந்திருக்கிறது. சம்பளம் எவ்வளவு இருக்கும்?
— பெண்ணைப் பெற்றவர், விருதுநகர்

பதில்: உறவினர்களிடம் 'ஜெனீவா' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை அவர்களே கூட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: 'கடவுள் துகள்' கிடைத்த பிறகு கடவுள் எதற்கு?
— பகுத்தறிவாளர், ஈரோடு

பதில்: செர்ன் வளாகத்துக்கு நடராஜர் 2004-லேயே வந்துவிட்டார். நீங்கள் சொல்லும் கடவுள் துகள், அதாவது ஹிக்ஸ் துகள், அகப்பட்டதாக அறிவித்தது 2012-ல். சீனியாரிட்டி தெரியாமல் பேசக் கூடாது.

கேள்வி: செர்னில் துகள்களை மோதவிடும் இயந்திரம் கருந்துளையை உண்டாக்கி உலகத்தை விழுங்கிவிடாதா?
— பயந்தவர், சேலம்

பதில்: 2008-ல் முதன்முதலாக ஓட்டியபோதும் இதையேதான் கேட்டார்கள். உங்கள் கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது.

கேள்வி: ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் சேர்ந்து எழுதலாம்?
— ஆசிரியை, கும்பகோணம்

பதில்: ஆஹா, எனக்கென்றே கேட்ட கேள்வி! 2015-ல் செர்னின் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரு ஆய்வுக் குழுக்களும் சேர்ந்து ஹிக்ஸின் நிறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டன. மொத்தம் 33 பக்கம். சரக்கு 9 பக்கம். மீதி 24 பக்கமும் 5,154 ஆசிரியர்களும் அவர்களுடைய நிறுவனங்களும்! கல்யாணப் பத்திரிகையின் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியல் தோற்றது.

அட்லஸில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வரும். நியூமராலஜி பார்த்துப் பெயரில் இன்னொரு 'ஏ' சேர்க்கிறவர்களுக்கு உலகத்திலேயே பலன் கிடைக்கிற ஒரே இடம்! சி.எம்.எஸ்.ஸில் அந்த ஜம்பம் பலிக்காது. அங்கே நாடுவாரி வரிசை, அர்மீனியா முதலில். முந்த வேண்டுமானால் அந்நாட்டுத் தலைநகர் எரவானுக்கு வீடு மாற்ற வேண்டும்.

ஆனால் ஒப்புக்குச் சேர்த்த பெயர்கள் அல்ல. உணர்கருவி செய்தவர், ராத்திரி ஷிப்ட் பார்த்தவர், மென்பொருளில் பிழை தேடியவர்... யாரை விடுவது?

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். ஐ.ஐ.டி. முத்திரை இல்லாமல் இந்தத் துறைக்குள் நுழைய முடியுமா?
— மாணவி, போடி

பதில்: முடியும். கேலியில்லாமல் சொல்கிறேன். உள்ளங்கையை விரித்து வையுங்கள். விண்ணிலிருந்து விநாடிக்கு ஒன்று வீதம் மியூவான் என்ற துகள் துளைத்துக்கொண்டு போகும். எந்தக் கல்லூரி என்று அது கேட்பதில்லை. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.) நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் அந்த மியூவான்களை எண்ணித்தான், 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கணக்கிட்டது.

இப்போதே பைத்தான், சி++ பழகுங்கள். சி.எம்.எஸ். தன் தரவுகளில் ஒரு பகுதியை 2014 முதல் இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது; இறக்கிப் பாருங்கள். லேபில் சாலிடரிங் பழகுங்கள். பிறகு ஜெஸ்ட், டி.ஐ.எஃப்.ஆர். நுழைவுத் தேர்வுகள். 3 ஆண்டு கல்லூரிப் படிப்பு முடியும்போது செர்னின் கோடைகால மாணவர் திட்டத்துக்கும் மனுப் போடுங்கள். இந்தியா 2017 முதல் அங்கே இணை உறுப்பினர். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் போடுங்கள். பெயரில் மட்டும் எழுத்துச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: செர்னில் இருப்பது 27 கி.மீ. சுற்றளவுள்ள இயந்திரமாமே, அதற்கும் கரண்ட் கட் உண்டா?
— மின்வாரிய ஊழியர், பொள்ளாச்சி

பதில்: உண்டு. 2016 ஏப்ரலில் மார்ட்டென் என்ற சிறு விலங்கு மின்மாற்றியில் ஏறி, தானும் மாண்டு, இயந்திரத்தையும் சில நாள் படுக்கவைத்தது. 2021-ல் மின்வெட்டுக்கு அணில்தான் காரணம் என்று நம் மின்துறை அமைச்சர் சொன்னபோது சிரித்தவர்கள், வரிசையில் வந்து மன்னிப்புக் கேட்கலாம்.