பண்டிகைக் காலத்தில் மலேசியா போகலாமா?

கேள்வி: குடும்பத்தோடு மலேசியா போகிறோம். பண்டிகை நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போவதுதானே நல்லது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: தவிர்ப்பதா? மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருடைய பண்டிகையையும் தவிர்த்தால், நீங்கள் விமான நிலையத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்!

நோன்புப் பெருநாளுக்கு முன்தினம் மட்டும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் காரில் கிளம்பாதீர்கள். பொங்கலுக்கு முந்தின நாள் தாம்பரம் எப்படியோ, அப்படி. பெருநாளன்றோ ஊர்க்காரர்கள் எல்லாம் கிராமத்துக்குப் போய்விட்டதால் கோலாலம்பூர் வெறிச்சோடிக் கிடக்கும், நிம்மதியாகச் சுற்றலாம்.

அங்கே பண்டிகைக்குத் 'திறந்த இல்லம்' நடத்துவார்கள். எந்த இனத்தவரும் போய்ச் சாப்பிடலாம். கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள். செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்குக் காசு உறை கிடைக்கும்: சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்குப் பெரும்பாலும் ஊதா. மூன்றையும் வசூல் செய்த உள்ளூர்ப் பிள்ளைகள் உங்கள் வீட்டுப் பொடிசுகளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் பினாங்கு தைப்பூசத்தைத் தேர்ந்தெடுங்கள். கோலாலம்பூர் அருகே உள்ள பத்து மலை முருகன் கோயிலின் 272 படிகள் எங்கும் போய்விடாது. பினாங்கில் ரதம் வரும் வழியில் தேங்காயை மலைபோல் குவித்துவைத்து, சீனர்கள் படபடவென உடைப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்காதீர்கள், ஓடு தெறிக்கும். குழந்தைகளுக்குப் புதுச் சட்டையும் வேண்டாம், தேங்காய்த் தண்ணீரில் நனைந்துவிடும்.