ஒன்றேகாலும் ஒன்றரையும்

1980-களில் பெண்ணாடத்தில் நான் கையாளாக இருந்த ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் இன்ச் ஸ்பேனர், மற்றதில் எம்.எம். ஸ்பேனர். அம்பாசடர் வந்து நின்றால் முதல் டப்பா, பிரீமியர் பத்மினி என்றால் இரண்டாவது. முன்னது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது, பின்னது இத்தாலியின் ஃபியட் 1100. ஆலைக்குக் கரும்பு இழுத்துவரும் மாஸி ஃபெர்குசன் டிராக்டரும் அன்று இன்ச் கணக்குதான். இரண்டு அளவுமுறை இருக்கிறதே என்று யாரும் சலித்துக்கொண்டு நான் கேட்டதில்லை. வண்டி எதுவென்று தெரிந்தால் மரை எதுவென்று தெரிந்துவிடும்.

ஜீப் மட்டும் தனி ரகம். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. தெரியாதவர்கள் வழக்கம்போலத் திருப்புவார்கள். நட்டு இன்னும் இறுகும். ஸ்பேனரில் குழாயைச் சொருகி மேலே ஏறி மிதித்தால் ஸ்டட் முறியும். மேஸ்திரி ஒவ்வொரு புதுப் பையனையும் முதலில் அந்தச் சக்கரத்துப் பக்கம்தான் உட்கார வைப்பார். “டேய் தம்பி, கையால திருப்பிப் பாரு. எந்தப் பக்கம் வருதுன்னு அதுவே சொல்லும்.”

மரை தேய்ந்துவிட்டால் அன்றைய வைத்தியம் ஒன்றுதான்: பெரிதாக்கு. இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். இரண்டரை நூல் போல்ட்டு வழுக்கினால் எட்டரை எம்.எம். டிரில் விட்டு, டேப் போட்டு, மூன்று நூலாக்கிவிடுவார். டேப்பை அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே திருப்பித் தூளை உடைத்து, எண்ணெய் விட்டு, ஒன்று இரண்டு மூன்று என வரிசையாக மூன்று டேப்பும் இறக்கும் அந்தப் பொறுமையை இன்றைக்கும் மதிக்கிறேன். டைனமோ பிராக்கெட், மட்கார்டு போன்ற இடங்களில் அது தவறே இல்லை.

ஆனால் அந்தக் காலத்தைக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. விருத்தாசலத்திலும் சரக்கு கிடைக்காவிட்டால், லேத்தில் சாதா இரும்புக் கம்பியைக் கடைந்து போல்ட்டு செய்து மாட்டுவார்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும். கம்பெனி போல்ட்டின் தலையில் 8.8 என்று போட்டிருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையைத் தாங்கும், அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். சாதா இரும்பு அதில் பாதிதான். சென்னைப் பாடியில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1966-லேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. எங்கள் தெருவுக்கு அந்தத் தரம் வந்துசேர வெகுகாலம் ஆயிற்று.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பிறகு வந்த கார்கள் பெரும்பாலும் எம்.எம். இன்ச் டப்பா மூலைக்குப் போனது. இனி மரைக் குழப்பமே இல்லை என்று எல்லோரும் நம்பினோம். நடந்தது வேறு. குழப்பம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

இன்று அக்கா மகன் நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்விஃப்டும் ஹூண்டாய் ஐ10-உம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டிலும் சக்கர ஸ்டட் 12 எம்.எம். தான். ஸ்விஃப்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், அதாவது பிட்ச், ஒன்றேகால் எம்.எம்., ஐ10-இல் ஒன்றரை. கால் மில்லிமீட்டரைக் கண்ணால் பிரிக்க முடியாது. அதன் நட்டை இதில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும். அங்கேயே நிறுத்தினால் பிழைத்தது. ஏர் கன்னை வைத்து அழுத்தினால் அதுவும் உள்ளே போகும், மரையைத் தின்றுகொண்டே. வெளியூரில் பஞ்சர் போட்டு வந்த ஐ10 ஒன்றில் அப்படி ஏறிய நட்டைக் கழற்றினோம். ஸ்டட்டிலிருந்து மெல்லிய இரும்புச் சுருள் விரலோடு வந்தது.

“மாமா, டை போட்டு இதையே ஒன்றேகால் ஆக்கிடலாமா?” என்றான்.

கூடாது. பழைய மரையின் மேல் வேறு பிட்ச் வெட்டினால் இரண்டுமே நிற்காது. ஸ்டட்டைத் தட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் புதிய ஸ்டட்டும் நட்டும் போட வைத்தேன்.

இதைவிட மோசமானது நல்லபிள்ளைபோல் ஏறும் நட்டு. ஜீப்பின் அரை இன்ச் நட்டில் இன்ச்சுக்கு 20 மரை; அதாவது பிட்ச் 1.27 எம்.எம். அதை ஸ்விஃப்ட் ஸ்டட்டில் வைத்தால் விரலாலேயே வழுக்கிக்கொண்டு ஏறும். லேசான ஆட்டம் மட்டும் இருக்கும். உள்ளே மரையின் ஆழத்தில் ஏறக்குறைய பாதிதான் பிடித்திருக்கும். இறுக்குகிறவன் கைக்கு இறுகியதுபோலவே இருக்கும், ஓடும்போதுதான் உரிந்துகொள்ளும். ஆகவே நட்டு கையால் கடைசிவரை ஏற வேண்டும், ஏறிய நட்டு ஆடவும் கூடாது. சந்தேகம் என்றால் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் இந்தக் காலத்துக்கே என் ஓட்டு. பிளக் துளை. அந்த இன்ச் அம்பாசடரிலும் பிளக் மட்டும் 14 எம்.எம்., ஒன்றேகால் பிட்ச்தான். மாருதி 800-க்கும் அதுவே. பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துப் பக்கம் என்பதாலோ என்னவோ, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் கீறாமல் பார்த்துக்கொண்ட அளவுக்கு அடியிலிருந்த மரையை யாரும் கவனிக்கவில்லை. அலுமினிய ஹெட்டில் அது சீக்கிரம் பிடுங்கிக்கொள்ளும். இப்போது ஹெலிகாயில் இருக்கிறது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென உள்ள டேப்பை இறக்கி, உறுதியான கம்பிச் சுருளைத் திருகி வைத்தால், உள்ளளவு பழையபடி 14 எம்.எம். ஆகிவிடும். அதே பிளக், அதே இறுக்கம்.

பிரேக், ஸ்டியரிங், சக்கரம், சீட் பெல்ட் இந்த இடங்களில் மரை அளவை மாற்றுவதே இல்லை என்பது எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். சீட் பெல்ட்டைச் சொல்லக் காரணம் உண்டு. எல்லாமே எம்.எம். ஆகிவிட்ட பல கார்களில் அந்த ஒரு போல்ட்டு மட்டும் இன்னும் 7/16 இன்ச், இன்ச்சுக்கு 20 மரை. சீட்டைக் கழற்றி உறை மாற்றிய ஒரு காரில் அந்தத் துளைக்குள் 10 எம்.எம். போல்ட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிட்ச் நெருங்கி வருவதால் உள்ளே போய்விட்டது; பிடிப்பு ஒன்றுமில்லை. மாப்பிள்ளை அதை வெளியே எடுத்து வண்டிக்காரர் கையில் கொடுத்தான்.

“அண்ணே, சரியான போல்ட்டு நாளைக்கு வந்துரும். அதுவரைக்கும் இந்த சீட்டுல யாரையும் ஏத்தாதீங்க.”