ஒத்துழைப்பு தாரீர்!

2001 மே மாதம் ஜியாத் ஜர்ரா என்ற லெபனான்காரன் புளோரிடாவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் காசு கட்டிச் சேர்ந்து, கைச்சண்டை கற்க ஆரம்பித்தான். விமானம் ஓட்டவும் அமெரிக்காவில்தான் படித்தான். ஓட்டத் தெரிந்தவனுக்கு அடிதடி எதற்கு? விமானி நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அதற்காக! துப்பாக்கி கொண்டுபோனால் வாசலிலேயே மாட்டிக்கொள்ளலாம். மிச்சமிருப்பது கையும் கத்தியும்தான்.

விமானம் கடத்தவிருந்த அவனுடைய கூட்டாளிகளுக்கு ஆப்கானிஸ்தானில் பாடம் நடந்தது. ஓர் ஆட்டையும் ஓர் ஒட்டகத்தையும் கத்தியால் அறுத்துக் கைப்பழக்கம் செய்துகொண்டார்கள் என்கிறது 9/11 ஆணையத்தின் அறிக்கை. 'அடியாட்கள்' என்று பேர் வாங்கிய இவர்களில் பெரும்பாலோர் ஐந்தடி ஏழங்குலத்தைத் தாண்டாதவர்கள். விமானத்தில் காவலர் இருந்தால் ஆயுதத்தைப் பறிப்பது எப்படி என்றுகூடப் படித்தார்களாம். வீண் உழைப்பு. அமெரிக்காவிடம் 2001 செப்டம்பர் 11 அன்று இருந்த வான்காவலர் மொத்தமே 33 பேர்; அவர்களுக்கும் உள்நாட்டு விமானங்களில் வேலையில்லை.

எதிர்த் தரப்பிலும் பயிற்சி இல்லாமல் இல்லை. கடத்த வந்தவனோடு ஒத்துழை, எதிர்க்காதே, நேரத்தைக் கடத்து, தரையிறக்கு என்று விமான ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கியூபாவுக்குப் போகச் சொல்லி மிரட்டிய காலத்துக் கடத்தல்காரனுக்காக எழுதிய பாடம் அது. 1994-இல் அல்ஜியர்ஸில் கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானத்தைப் பாரிஸ் மேல் மோதவிடத் திட்டமிருந்ததாகப் பிரெஞ்சுக்காரர்கள் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு பாடப்புத்தகத்துக்குள் நுழைய ஏழு வருஷம் போதவில்லை.

கத்தி விஷயத்தில் நிர்வாகம் கறாராகத்தான் இருந்தது. நான்கு அங்குலத்துக்குக் குறைவான பிளேடு என்றால் தாராளமாகக் கொண்டு போகலாம்! மனிதக் கழுத்தின் அளவை எந்த அதிகாரி எடுத்தாரோ தெரியாது. கடத்தல்காரர்கள் பத்தொன்பது பேரில் பாதிக்கு மேற்பட்டோரை செப்டம்பர் 11 காலையிலேயே சந்தேக வரிசையில் நிறுத்திவைத்தார்கள். அதற்கான தண்டனையைக் கேளுங்கள்: ஆள் விமானத்தில் ஏறிவிட்டானா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் அவன் பெட்டியை ஏற்றுவது. ஆள் ஏறினான். பெட்டியும் ஏறியது. விதி காப்பாற்றப்பட்டது.

ஜர்ரா ஏறிய யுனைடெட் 93-இல் மட்டும் பாடம் உடைந்தது. நியூயார்க் கோபுரங்களில் விமானங்கள் மோதிய செய்தியைத் தொலைபேசியில் கேட்ட பயணிகள் தங்களுக்குள் ஓட்டெடுத்து விமானி அறையை நோக்கிப் பாய்ந்தார்கள். ஒரு பணிப்பெண் வெந்நீர் கொதிக்கவைத்தார். எந்த அரசும் இவர்களுக்குச் சண்டை சொல்லித்தரவில்லை. பென்சில்வேனியா வயலில் பயணிகளும் ஊழியர்களுமாக 40 பேரும் செத்தார்கள், வாஷிங்டன் பிழைத்தது.

அதன்பின் அரசுக்கு வீரம் வந்து கிழவிகளின் நகவெட்டிகளைப் பறிமுதல் செய்தது. செருப்பைக் கழற்று (இது 2025-இல் ஓய்ந்தது), பெல்ட்டைக் கழற்று, ஷாம்பூவைக் குப்பையில் போடு என்றது. 2015-இல் சொந்த ஆட்களையே போலி ஆயுதங்களோடு அனுப்பிச் சோதித்தபோது 70 முயற்சிகளில் 67 கண்ணில் படாமல் உள்ளே போயின என்று செய்தி கசிந்தது. ஷாம்பூக்களின் கணக்கு கசியவில்லை. விமானி அறைக் கதவை மட்டும் உருப்படியாகப் பலப்படுத்தினார்கள். அதற்கு வெளியே நிற்பது பணிப்பெண்கள். அவர்களுக்கும் அரசாங்கம் தற்காப்புப் பயிற்சி வைத்திருக்கிறது, கட்டணமில்லாமல். கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் வரலாம். லீவு அவர்களுடையது, பயணச் செலவும் தங்கும் செலவும் அவர்களுடையது.