ஒத்தச்சீட்டு மாமா

திட்டக்குடியில் எந்தக் கல்யாண மண்டபமானாலும், முந்தின நாள் ராத்திரிப் பந்தி முடிந்ததும் மாடியில் ரம்மிக்கு ஒரு சமுக்காளம் விரியும். சுவரோரம் பார்த்து, வெற்றிலைப் பொட்டலத்தோடு முதல் ஆளாக உட்காருபவர் ஒத்தச்சீட்டு மாமா. விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கை எப்படி என்று கேட்டால் வருஷக்கணக்காக ஒரே பதில்: "ஒரே சீட்டுதான் பாக்கி மாப்ள."

மோசமான கை வந்தால் மாமாவைப் போல விவேகி கிடையாது. விரித்த வேகத்தில் "ஸ்கூட்!" என்று கவிழ்த்துவிட்டு, இருபது பாயிண்டோடு காபி குடிக்கப் போய்விடுவார். கெட்ட கை அவரைக் கெடுத்ததே இல்லை. கெடுப்பதெல்லாம் நல்ல கைதான்.

போன முகூர்த்தத்தில் வந்தது அப்படியொரு நல்ல கை. ராஜா மூணு, ராணி மூணு, ஜோக்கர் மூணு, பத்து ரெண்டு. கூடவே ஆட்டின் ஏழும் ஒன்பதும். எல்லாம் இருந்தது, ஜோக்கர் சேராத ஒரிஜினல் ரம்மி மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் ராஜாவும் ராணியும் வெறும் கடன்காரர்கள். எதிராளி ஆட்டத்தை முடித்து டிக் அடித்தால் ஃபுல் கவுண்ட் எண்பது. 101-ல் அவுட்டாகும் ஆட்டத்தில் எண்பது என்றால் பாடை கட்டியாகிவிட்டது, தூக்குவதுதான் பாக்கி.

"மிடில் ஸ்கூட் விடுங்க மாமா, நாப்பதோட போவும்."

"வேகுற சூளையப் பாதியில தொறந்தா என்னாவும்? அத்தனையும் விரிசல்."

ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதை மாமா அடிக்கடி எடுத்துவிடுவார். விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்வது மட்டும் அவருக்கு ஞாபகம் வராது. இரண்டு கட்டில் ஆட்டின் எட்டு இரண்டே இரண்டு. ஒன்று, மாமா சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது விழுந்து போயிற்று. மீதி ஒன்றுக்காகத்தான் ஒவ்வொரு சீட்டையும் கண்ணை மூடி உருவினார்.

எதிர்வரிசைத் தம்பி டிக் அடித்தான். மாமாவுக்கு எண்பது. எனக்கு அறுபத்தெட்டு.

மாமா என் கையை எட்டிப் பார்த்தார். ஆட்டின் எட்டு, ஆட்டின் பத்து. நடுவில் ஒன்பதுக்கு இடம் விட்டுக் காத்திருந்தது.

ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.